1,480 கிராம் ஆகிவிட்டது, சேர்க்கலாமா அக்கா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் ஒரு ஜோடி பால் பைத்தான் (Ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு) இருக்கிறது. பெண்ணுக்கு 22 மாதம், 1,480 கிராம். ஆணுக்கு 14 மாதம், 620 கிராம். பெண்ணுக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறை எலி, சில வாரம் இரண்டு. "1,500 வந்தால் சேர்க்கலாம் என்கிறார்கள். இன்னும் 20 கிராம்தானே அக்கா, இந்த டிசம்பரில் சேர்த்துவிடலாமா?" என்பது கேள்வி. போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: ஒன்றரை வயது கார்ன் பாம்பு ஒரு ஜோடி இருக்கிறதாம், இரண்டும் ஐந்து மாதமாக ஒரே தொட்டியில், பெண் 210 கிராம்.

தம்பி, முதலில் அந்தக் கார்ன் ஜோடி. இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே எழுந்து போய் ஒன்றை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டு வாருங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பால் பைத்தானுக்கு என் பதில்: இந்த டிசம்பர் வேண்டாம். 20 கிராம் குறைகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. நாளையே 1,550 காட்டினாலும் இதையேதான் சொல்வேன்.

1,500 என்பது வளர்ப்பவர்கள் அனுபவத்தில் போட்டு வைத்த கோடு. அதற்குக் கீழே சேர்க்காதே என்று தடுப்பதற்காக வந்த எண் அது. சொல்லிச் சொல்லி, அதைத் தொட்டதும் சேர்க்கலாம் என்று மாறிவிட்டது. தராசு இன்றைய எடையைக் காட்டும். அந்த எடை எப்படி வந்தது என்பதைக் காட்டாது. மூன்று வருடம் நிதானமாகச் சாப்பிட்டு 1,500 ஆன பாம்பும், ஒன்றரை வருடத்தில் ஊட்டி ஊட்டி 1,500 ஆக்கிய பாம்பும் தராசில் ஒன்றுதான். முட்டை இடும்போது இரண்டும் ஒன்றல்ல.

இதைக் கற்றுக்கொள்ள ஒரு பாம்பைப் பறிகொடுத்தேன். பட்டர்வொர்த்தில் நான் வளர்க்கத் தொடங்கிய காலம். விற்றவர் "18 மாதம்தான், ஆனால் 1,600 கிராம், ரெடி" என்று சொல்லிக் கொடுத்த பெண். பார்க்க அழகாக, உருண்டு திரண்டிருந்தது. எனக்கு அவசரம், ஆசை. அந்த ஆண்டே சேர்த்தேன். ஆறு முட்டையில் நான்கு கூமுட்டை, மஞ்சளாகச் சுருங்கி வந்தன. ஒன்று நல்ல முட்டை. ஆறாவது வெளியே வரவேயில்லை. மூன்று நாள் கழித்துத்தான் மருத்துவரிடம் கொண்டுபோனேன். அதுவே தாமதம். அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பதாம் நாள் இறந்துபோனது. திறந்து பார்த்த மருத்துவர் சொன்னார்: உள்ளே எங்கு பார்த்தாலும் கொழுப்பு, கல்லீரல் வெளிறிப்போயிருக்கிறது. எடை இருந்தது தம்பி, பலம் இல்லை. இன்றும் யாராவது "எடை வந்துவிட்டது" என்று சொன்னால் எனக்கு அந்த வெளிறிய கல்லீரல்தான் நினைவுக்கு வருகிறது.

கல்லீரல் ஏன் முக்கியம்? முட்டையின் மஞ்சள் கரு சினைப்பையில் தானாக ஊறுவதில்லை. பருவம் வந்ததும் பெண்ணின் ஹார்மோன் கல்லீரலுக்குக் கட்டளை இடுகிறது. உடம்பில் சேமித்த கொழுப்பு கல்லீரலுக்கு வருகிறது, அங்கே மஞ்சள் கருவுக்கான புரதமாகவும் கொழுப்பாகவும் மாறி, ரத்தத்தில் கலந்து சினைப்பைக்குப் போகிறது. எலும்பிலிருந்து சுண்ணாம்பும் இழுக்கப்படுகிறது. ஒரு சீசனில் கல்லீரல் செய்யும் வேலை பெரிது. ஊட்டி வளர்த்த இளம் பாம்பின் கல்லீரலில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருக்கும். அதன் தலையில் இந்த வேலையையும் ஏற்றினால் தாங்குவது கடினம்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். பால் பைத்தான் ஓர் ஈட்டில் சாதாரணமாக நான்கு முதல் ஆறு முட்டை இடும். ஒரு முட்டை 80 முதல் 100 கிராம் வரை வரும். ஐந்து முட்டை என்றால் 400, 500 கிராம். 1,500 கிராம் பாம்பு தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை ஒரே நாளில் இறக்கி வைக்கிறது. அதற்கு முன்னால் பல வாரம் பெரும்பாலும் சாப்பிடாது. காட்டில் என்றால் அதற்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு மாதம் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு அடைகாக்கும், இரை தேடிப் போகாது. இவ்வளவு பட்டினியையும் தாங்கும் சேமிப்பு இருக்கிறதா என்பதுதான் உண்மையான கேள்வி.

பாம்பு பருவமடைவது வயதைவிட உடல் அளவைச் சார்ந்தது என்று படித்திருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால் அந்த அளவு இனத்துக்கு இனம், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு. எங்கள் பினாங்கு பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலுக்கு வந்திருக்கிறீர்களா? அங்கே கிளைகளில் சுருண்டு கிடக்கும் விரியன்களில் பெரிதாக, தடித்து, கருமையும் மஞ்சளும் கலந்து பட்டை பட்டையாக இருப்பவை பெண்கள். ஒல்லியாக, விரல் தடிமனில் பச்சையாக இருப்பதைப் பார்த்துக் "குட்டி" என்று படம் எடுத்துப் போகிறவர்கள் நிறைய. அவற்றில் பல முழுதாக வளர்ந்த ஆண்கள். அந்த இனத்தில் ஆண் கடைசிவரை சிறியதாகவும் பச்சையாகவும்தான் இருக்கும். பால் பைத்தானிலும் இதேபோல் ஆண் சிறியது, முந்திப் பருவமடைவது. உங்கள் 620 கிராம் ஆண் அநேகமாகத் தயார். பெண்ணின் கணக்கு வேறு. நான் மூன்று வயது முடியாத பெண்ணைச் சேர்ப்பதில்லை. 1,500 என்பதை வாசற்படியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன், 1,700க்கு மேல் இருந்தால் நிம்மதி.

சேமிப்பைக் கையால் பார்க்கலாம். பாம்பை இரண்டு கையிலும் தளர்வாகப் பிடித்து, நடு உடம்பை முன்னாலிருந்து பாருங்கள். பால் பைத்தானின் முதுகு சற்றே கூரை மாதிரி இருக்க வேண்டும். நடுவில் மெல்லிய மேடு, இரண்டு பக்கமும் நிறைந்து இறங்கும் சரிவு. முதுகெலும்பு கத்தி விளிம்பாகத் தெரிந்தால் மெலிவு. கூரையே இல்லாமல் உருளையாக, முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் கொழுப்பு. வளையும்போது பக்கத் தோல் மடிப்பு மடிப்பாக விழுவதும், சாப்பிடாத நாளிலும் செதில்களுக்கிடையே தோல் தெரிவதும் அதே சேதிதான். பிறகு வால். குதத்துக்குக் கீழே வால் திடீரென்று சுருங்காமல் நிறைவாக இறங்க வேண்டும். தொட்டால் ரப்பர் குழாயின் இறுக்கம் இருக்க வேண்டும், மாவு உருண்டையின் தளர்ச்சி கூடாது. கையில் எடுத்தால் அது உங்களைப் பிடித்துக்கொள்கிறதா, தொங்குகிறதா என்று பாருங்கள். அந்தப் பிடிதான் முட்டையைத் தள்ளப்போகிற தசை. சின்ன டப்பாவிலேயே அசையாமல் வளர்ந்த பாம்புக்கு அது இருக்காது. வாரம் இரண்டு முறை வெளியே எடுத்து ஒரு கிளையில் ஊரவிடுங்கள்.

தராசைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒரே ஓர் எடையைப் பார்க்காமல் ஒரு வருட எடையைப் பாருங்கள் என்கிறேன். மாதம் ஒருமுறை, கழிவு போன பிறகு எடை போட்டு எழுதுங்கள். 22 மாதத்தில் 1,480 என்றால் உங்களுடையது வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. இனி பத்து, பதினான்கு நாளைக்கு ஓர் எலி, அதன் நடு உடம்பின் தடிமனுக்கு மிஞ்சாத எலியாகக் கொடுங்கள். ஏற்றம் மெதுவாகி, ஒரே அளவில் சில மாதம் நின்று, அந்த நிலையிலும் தசை இறுகி, சட்டை முழுதாக ஒரே துண்டாகக் கழன்று வந்தால் உடம்பு வளர்ச்சியை முடித்துவிட்டுச் சேமிப்பில் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். வளர்ந்துகொண்டிருக்கும் உடம்பு எலும்புக்கும் முட்டைக்கும் ஒரே சுண்ணாம்பைப் பங்கிட வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கேட்காமல் விட முடியாது. ஆண், பெண் என்பது உறுதியா? கடைக்காரர் சொன்னது போதாது. வால் நீளத்தையும் குதத்தின் பக்கத்திலுள்ள சிறு முள்ளையும் பார்த்துச் சொல்வதில் தவறு நிறைய வரும். குதத்தின் வழியாக வால் பக்கமாக மெல்லிய கம்பி செலுத்தி ஆழம் பார்ப்பதுதான் வழக்கம். அதைத் தெரிந்தவர் செய்ய வேண்டும், நீங்கள் செய்து பழக வேண்டாம். ஊரில் நாகமும் சாரையும் பிணைந்து ஆடுவதைப் பார்த்தால் வெள்ளைத் துணியைப் போட்டு எடுத்து வைக்கச் சொல்வார்கள், நல்லது நடக்கும் என்று. எங்கள் அப்பத்தாவும் சொல்வார். அங்கே பிணைந்து ஆடுவது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். அது சண்டை, யார் யாரை மண்ணில் அமுக்குவது என்று. நம் தொட்டியிலும் அதே தவறு நடக்கிறது. இரண்டு ஆணை ஒன்றாகப் போட்டுவிட்டு, முறுக்கிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து மகிழ்ந்து, ஒன்று சாப்பிடாமல் இளைத்துப் போன பிறகு கொண்டுவருகிறார்கள். உண்மையான இணைவில் கழுத்தை அமுக்கும் போட்டி இருக்காது. வால்கள் அடியில் கோத்து, இரண்டும் அசையாமல் மணிக்கணக்கில் கிடக்கும்.

இனிப் பருவம். வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு, "குளிர்காலம் வந்ததும் சேர்க்க வேண்டும், நமக்குக் குளிர்காலம் இல்லையே" என்று பலர் குழம்புகிறார்கள். பால் பைத்தானின் ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானாவின் அக்ரா நகரம் ஏறக்குறைய 5.6 பாகை வடக்கில் இருக்கிறது. எங்கள் ஜார்ஜ்டவுன் 5.4. பகல் நீளம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அங்கேயும் பனி விழுவதில்லை. அங்குள்ள கடிகாரம் மழை. இரண்டாம் மழை பெய்யும் செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை காட்டில் இணைகின்றன. பிறகு சஹாராவிலிருந்து வறண்ட காற்று அடிக்கும் மாதங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கத்துக்குள் முட்டை. குஞ்சு வெளியே வரும்போது அடுத்த மழை, இரைக்குக் குறைவில்லை. பினாங்கிலும் செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்த்துவிட்டு ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைகிறது. அதனால்தானோ என்னவோ, என் பெண்கள் நான் எதுவும் செய்யாமலே அக்டோபருக்கு மேல் மாறத் தொடங்குகின்றன. கோலாலம்பூரில் மழை ஏப்ரலை ஒட்டி ஒருமுறை, அக்டோபர், நவம்பரில் ஒருமுறை என்று இரட்டையாக உச்சம் தொடுகிறது. உங்களுக்கும் அந்த இரண்டாம் மழைதான் நல்ல காலம்.

செந்தூல் ஃபிளாட்டில் இரவு 27 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஏர்கோன் உள்ள அறையானால் இரவில் 24, 25க்குக் கொண்டுவந்து, பெட்டியின் ஒரு மூலையை மட்டும் 31, 32இல் வைத்திருங்கள். ஆறு, எட்டு வாரம் இப்படி இருந்தால் போதும். எங்கும் குளிராக்கி வெப்ப மூலையையும் அணைத்துவிடுகிற தவறைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்த வீடுகளில் முட்டைக்குப் பதிலாக நெஞ்சுச் சளிதான் வந்தது. வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, மேல்நோக்கித் தலையைத் தூக்கியே வைத்திருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் அந்தச் சீசன் முடிந்தது. செதிலுக்கடியில் பேன் இருந்தாலும் அப்படியே. புதிதாக வாங்கிய பாம்பை மூன்று மாதமாவது தனி அறையில் வைத்துப் பார்க்காமல் எதனோடும் சேர்க்கக் கூடாது. அறிகுறியே காட்டாமல் வைரஸ் சுமந்து திரியும் மலைப்பாம்புகள் உண்டு.

இதற்கெல்லாம் பிறகு, தயாரா என்பதைப் பெண்ணே சொல்லும். முதலில் பசி. சாதாரணமாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண் டப்பாவைத் திறந்ததும் பாயும். சேமிப்பைக் கூட்டுகிறது. சில வாரத்தில் இது தணிந்து, குளிர்ந்த பக்கத்தைத் தேடும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு படுக்கும், சில நேரம் உடம்பின் பின்பாதியைத் திருப்பி வயிற்றை மேலே காட்டிக் கிடக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் பயந்து எனக்கு நள்ளிரவில் படம் அனுப்புகிறார்கள். முட்டைக்கருக்கள் பருக்கும் காலத்தில் அது இயல்பு. நிறமும் வெளுத்துத் தெளியும், கறுப்புப் பகுதி பழுப்பாகும். இந்த வெளுப்பை மட்டும் நம்பாதீர்கள். சட்டை உரிக்கும் முன்பும் பாம்பு மங்கும். கண்ணில் நீலம் படிந்திருந்தால் அது சட்டை, கண் தெளிவாக இருந்தும் உடம்பு வெளுத்தால் அது பருவம்.

உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அல்ட்ராசவுண்ட். ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவர் கோலாலம்பூரில் கிடைப்பார், ஒருமுறை பார்ப்பதற்குச் செலவாகும் வெள்ளியைக் கணக்குப் பார்க்காதீர்கள். கையால் தடவியும் உணரலாம். பாம்பை உங்கள் விரல்மேல் தானாக ஊரவிட்டு, உடம்பின் மூன்றில் இரண்டாம் பகுதியில் விரலை லேசாக மேலே தூக்கினால், முட்டைக்கருக்கள் மாலையில் கோத்த மணிபோல் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுக்கும். கச்சாங் பூத்தே பொட்டலத்துக் கொண்டைக்கடலை அளவுக்கு, ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் வந்துவிட்டால் ஆணை அறிமுகப்படுத்தலாம். அதிலிருந்து 20 மில்லிமீட்டர்வரை சேர்ப்பதற்கு நல்ல காலம். லிமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சை அளவுக்கு மேலே போய்விட்டால் தடவுவதை நிறுத்திவிடுங்கள். அழுத்தினால் உள்ளேயே உடையும். எலியோ கழிவோ இருக்கும்போது தடவினால் அதையே மணி என்று நினைப்பீர்கள். அதனால் சாப்பிட்டுப் பத்து நாள் கழித்து, கழிவு போன பிறகு மட்டுமே. 10 மில்லிமீட்டர் வராத பெண்ணோடு ஆணை எத்தனை நாள் போட்டாலும் அவனுக்கு இளைப்பு, அவளுக்கு எரிச்சல், வேறொன்றும் இல்லை.

ஆணைப் பெண்ணின் பெட்டியில் விடுங்கள், மாற்றி வேண்டாம். இரண்டு மூன்று நாள் விட்டு எடுத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் இடைவெளி. தயாரான பெண் வாலைச் சற்றுத் தூக்கி இடம் கொடுக்கும். தயாராகாதது வாலை அடிக்கும், ஆணின் கீழிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். அப்படியானால் அன்றே பிரித்துவிடுங்கள். "நான்கு தடவை பிணைந்தது, அப்படியானால் சினைதான்" என்று சொல்வதும் சரியல்ல. பிணைவது ஒன்று, சினைப்பிடிப்பது வேறு. பெண் விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். தன் உடம்பு ஒத்துழைக்கவில்லையென்றால் வளர்ந்த மணிகளைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளவும் செய்யும். அது தோல்வியல்ல, அந்த உடம்பின் நல்ல முடிவு. அந்த ஆண்டு விட்டுவிடுங்கள்.

உங்கள் ஆண் 620 கிராம், இரவெல்லாம் சுற்றுகிறான், எலியைத் தொடுவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பருவம் வந்த ஆண் அப்படித்தான். பெட்டியில் வெள்ளையாக, மெழுகுத்துண்டு போல் ஏதாவது கிடந்தால் அது உறைந்த விந்து, முதிர்ச்சிக்கு நல்ல அடையாளம். எடையை மட்டும் பாருங்கள். எட்டில் ஒரு பங்கு குறைந்தால் நான் அந்த ஆணை அந்த ஆண்டுக்கு நிறுத்திவிடுவேன்.

எல்லாம் கூடிவந்தால் ஒருநாள் காலையில் பெண்ணின் நடு உடம்பு, பெரிய எலியை விழுங்கியது போல் வீங்கியிருக்கும். மறுநாள் வடிந்துவிடும். அதுதான் முட்டைக்கருக்கள் சினைப்பையிலிருந்து இறங்கும் நாள். தேதியை எழுதுங்கள். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் ஒரு சட்டை உரிக்கும், அதிலிருந்து ஏறக்குறைய 30 நாளில் முட்டை. சட்டை உரித்த தேதி இல்லாமல் எந்த நாளில் கவலைப்படத் தொடங்க வேண்டும் என்பதே உங்களுக்குத் தெரியாது. என் முதல் பெண்ணிடம் நான் அந்தத் தேதியை எழுதியிருக்கவில்லை.

சினைப் பாம்பைத் தொந்தரவு செய்யாதீர்கள். எடுத்து விளையாடுவது, வீடு மாற்றுவது, நண்பர்களுக்குக் காட்டுவது எல்லாம் நிற்கட்டும். 2016 ஏப்ரலில் இங்கே பாயா தெருபோங்கில் மேம்பாலம் கட்டுமிடத்தில் பெரிய ராஜ மலைப்பாம்பு (ரெட்டிக்குலேட்டட் பைத்தான்) ஒன்று பிடிபட்டது, 8 மீட்டர் இருக்கும் என்று உலகமெங்கும் செய்தி. சில நாளில், முட்டை இடும்போது இறந்துபோனது. செய்தியில் நீளத்தைப் பற்றித்தான் பேசினார்கள். நான் அந்த முட்டையைப் பற்றியே பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மரபைப் பற்றிச் சுருக்கமாக. உங்கள் பெண், ஸ்பைடர் என்று பெயர் வைத்து விற்கும் நிற வகையா என்று பாருங்கள். அந்த மரபோடு தலையாட்டமும் தடுமாற்றமும் வருகிறது, நான் அதைப் பெருக்குவதில்லை. டெசர்ட் என்று விற்கப்படும் மரபில் பெண்கள் முட்டை இட முடியாமல் திணறுவது வளர்ப்பவர்கள் எல்லாரும் அறிந்தது, எந்த எடையிலும் சேர்க்கக் கூடாது. டெசர்ட் கோஸ்ட் என்பது வேறு, அதற்கு இந்தக் குறை இல்லை. ஒரே ஈட்டில் பிறந்த அண்ணன் தங்கையைச் சேர்க்க வேண்டாம்.

உரிமத்தையும் இப்போதே பாருங்கள், முட்டை வந்த பிறகு ஓடாதீர்கள். பால் பைத்தான், வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தமான சைட்டஸின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிர். இங்கே 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான்தான் பொறுப்பு. வைத்திருக்க உரிமம் ஒன்று, விற்பனைக்காகக் குட்டி எடுப்பது வேறு அனுமதி. அலுவலகத்துக்கு நேரில் போய், வாங்கிய ரசீதைக் காட்டி, உங்களிடமுள்ள ஒவ்வோர் இனத்தின் பெயரையும் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள். ஆறு குட்டிக்கு ஆறு பெட்டி, ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரு சின்ன எலி, சாப்பிட மறுக்கும் ஒன்றிரண்டை மாதக்கணக்கில் பழக்கும் பொறுமை. இதற்கும் இந்த ஒரு வருடம் உங்களுக்கு வேண்டும்.

இப்போது கார்ன். இரண்டையும் பிரித்துவிட்டீர்கள்தானே?

கார்ன் பாம்பு அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்த சாரை இனம். பெண்ணுக்கு வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு: மூன்று வயது, மூன்று அடி, 300 கிராம், மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். அதன் ஊரில் குளிர்காலம் உண்டு. அதனால் பெரிய பாம்பை இரண்டு மூன்று மாதம் 10 முதல் 13 பாகையில் உறங்கவைத்துப் பிறகு சேர்ப்பார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் உணவை நிறுத்தி வயிற்றைக் காலி செய்வார்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் எலி அழுகிவிடும். இங்கே சிலர் ஒயின் வைக்கும் குளிர்பெட்டியில் அதைச் செய்கிறார்கள். ஆனால் குளிர் இல்லாமலே நம் ஊர் வெக்கையில் கார்ன் இணையும், முட்டையும் இடும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. பால் பைத்தான் பெண் உடம்பு இடம் கொடுக்கவில்லையென்றால் பெரும்பாலும் நிறுத்திக்கொள்ளும். கார்ன் பெண் 200, 250 கிராமிலேயே சினைப்பிடித்துவிடும், ஓர் ஈட்டில் பத்துக்கு மேல் முட்டை வரும், அந்தச் சின்ன உடம்பின் வழியாக. விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஆணைப் பார்க்காமலே இரண்டு மாதத்தில் இரண்டாம் ஈடும் போடக்கூடியது. ஐந்து மாதம் ஆணோடு ஒரே தொட்டியில் இருந்த 210 கிராம் பெண் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பதறியது அதனால்தான்.

ஏற்கெனவே சினையா என்று பாருங்கள். சாப்பிட மறுக்கிறதா, உடம்பின் பின்பாதி மட்டும் தடித்துக் கோத்த மணிகளாகத் தெரிகிறதா, தொட்டியின் மூலையைத் தோண்டுகிறதா. தடவிப் பார்க்க வேண்டாம், பார்த்தால் போதும். அப்படி இருந்தால் சட்டை உரித்த நாளிலிருந்து 7 முதல் 14 நாளில் முட்டை இடும். இன்றே ஒரு மூடிபோட்ட டப்பாவில் அது நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஈரமான பாசியைப் பாதிவரை நிரப்பி உள்ளே வையுங்கள். பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, அவ்வளவு ஈரம். இடம் பிடிக்கவில்லையென்றால் முட்டையை அடக்கிக்கொண்டு அலையும், அடைப்புக்கு அதுவும் ஒரு காரணம். சாப்பிடும் நிலையில் இருந்தால் வழக்கத்தைவிடச் சின்ன எலியாக, கால்சியப் பொடி தூவி, ஆனால் கொஞ்சம் அடுத்தடுத்துக் கொடுங்கள்.

இட ஆரம்பித்தால் விளக்கை அணைத்துவிட்டு அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சில முட்டை வெளியே வந்து, இன்னும் வீக்கம் தெரிந்து, 48 மணி நேரம் எதுவும் வரவில்லையென்றால் கையால் தள்ளாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், வெந்நீரில் ஊறவைத்து நாளைக் கடத்தாதீர்கள், நேரே மருத்துவரிடம் போங்கள். அவருடைய எண்ணை இன்றே தேடி, தொட்டியின்மேல் ஒட்டிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை யார் திறந்திருப்பார் என்றும் கேட்டு வையுங்கள். பாம்பைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள் தம்பி, காத்திருக்கிறேன்.